கள் (சேலம், நாமக்கல் வட்டாரம்)

கள் என்பது பனை, தென்னை, ஈச்சை ஆகிய மரங்களின் இனிப்புச் சாறு தானாகப் புளித்து உண்டாகும் மதுபானம் ஆகும். தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களை உள்ளடக்கிய சமவெளியில் இது நெடுங்காலம் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் அருந்திய அன்றாடப் பானமாக இருந்தது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம் (1937 அக்டோபர் 1). தமிழ்நாட்டில் 1987 ஆம் ஆண்டு முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. அதே மாநிலத்தில் விஸ்கி, பிராந்தி, ரம் முதலியவற்றை அரசு நிறுவனமே கடைகளில் விற்கிறது.

ஸ்கொட்லாந்து விஸ்கியைக் கொண்டு வீடுகளில் தயாரிக்கப்படும் புகழ்பெற்ற கலவைப் பானமான 'ஹாட் டாடி' தன் பெயரைக் கள்ளிடமிருந்தே பெற்றது. இக்கட்டுரை கள்ளின் தயாரிப்பு, சேலம் வட்டாரத்தில் அதன் வரலாறு, அதன் பெயரைச் சுமக்கும் விஸ்கிப் பானம் ஆகியவற்றைக் கூறுகிறது.

மரங்களும் நிலமும்

சேலம், ஓமலூர், சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு, இராசிபுரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் பனைமரங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பனை நட்டவுடன் பயன் தரும் மரம் அன்று. சாறு எடுக்கும் பருவத்தை எட்ட ஏறத்தாழ 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் அதன்பின் பல தலைமுறைகளுக்கு நிற்கும். காவிரிக்கரையில் உள்ள மோகனூர், பரமத்தி வேலூர்ப் பகுதிகளில் பாசனம் இருப்பதால் தென்னந்தோப்புகள் மிகுதி. ஓடைக்கரைகளில் ஈச்சமரங்கள் வளர்கின்றன.

இம்மூன்று மரங்களிலும் சாறு எடுக்கும் முறை ஒன்றல்ல. பனையிலும் தென்னையிலும் பூம்பாளையைச் சீவிச் சாறு எடுக்கின்றனர். ஈச்சையிலோ பாளையைத் தொடுவதில்லை. மரத்தின் கொண்டைக்குக் கீழே தண்டின் ஒரு பக்கத்தைச் செதுக்கி அங்கிருந்து வடியும் சாற்றைச் சேர்க்கின்றனர்.

சாறு எடுத்தல்

பனையில் ஆண் மரம், பெண் மரம் என இருவகை உண்டு. இரண்டிலிருந்தும் சாறு கிடைக்கும். கோடையை ஒட்டிய மாதங்களே பனைக்குப் பருவம். தென்னையில் ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் பருவ எல்லை இல்லை.

மரமேறும் தொழிலாளி கால்களில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டியுடன் ஏறுகிறார். ஆண் பனையின் பூக்கதிர்களை மரத்தாலான இடுக்கியால் நசுக்கி, சேர்த்துக் கட்டி, சில நாள்கள் பக்குவப்படுத்திய பின்னரே சாறு சுரக்கத் தொடங்கும். பெண் பனையில் பிஞ்சுக் காய்களுடன் கூடிய காம்பைப் பதப்படுத்துவர். தென்னையில் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றி, நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டி இளக்குவர். தட்டும் விசை கூடினால் பாளை அழுகும், குறைந்தால் சாறு வராது. இக்கைப்பக்குவம் ஏட்டில் படித்து வருவதன்று.

சாறு வரத் தொடங்கியதும் பாளையின் நுனியை மெல்லிய படலமாகச் சீவி, கீழே மண்முட்டியைக் கட்டுவர். காலையிலும் மாலையிலும் மரம் ஏறிச் சீவுதல் வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடக்கூடும். ஆகவே பருவம் முடியும்வரை தொழிலாளிக்கு விடுமுறை என்பதில்லை. நாளொன்றுக்கு இருபது, முப்பது மரங்களில் இருமுறை ஏறி இறங்குவோர் உண்டு. மரத்திலிருந்து தவறி விழுந்து உயிரிழப்பதும் முதுகெலும்பு முறிவதும் இத்தொழிலின் நிலையான ஆபத்துகள்.

கள் இறக்கும் பாளையில் தேங்காய் காய்க்காது. எனவே தோப்பு உடைமையாளர் தேங்காயா கள்ளா என்ற கணக்கைப் போட்டே மரங்களைக் குத்தகைக்கு விட்டனர்.

தெளுவும் கள்ளும்

மரத்திலிருந்து வடியும் சாறு தொடக்கத்தில் மது அன்று. அதில் 10 முதல் 14 விழுக்காடு வரை சர்க்கரை, பெரும்பாலும் சுக்குரோசு, உள்ளது. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் மண்துளைகளிலும் தங்கியிருக்கும் நொதிகள், குறிப்பாகச் சாக்கரோமைசிசு செரிவிசியே என்னும் ஈசுட்டு, இச்சர்க்கரையை எரிசாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. ஆகவே முட்டி மரத்தில் இருக்கும்போதே புளிப்பு தொடங்கிவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மதுபானங்களுள் மனிதர் செய்யவேண்டிய வேலை மிகக் குறைந்தது இதுவே எனலாம். மரம் ஏறும் வேலையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்து நொதிகள் செயலிழக்கும். அவ்வாறு இனிப்பு மாறாமல் இறக்கிய சாறு பதநீர் ஆகும். கொங்கு வட்டாரத்தில் இதைத் தெளுவு என்பர். காலையில் இறக்கிய தெளுவைப் பனையோலையை மடித்துச் செய்த தொன்னையில் ஊற்றி, நுங்கைச் சேர்த்து அருந்துவது கோடை வழக்கம். தெளுவைக் காய்ச்சிக் கருப்பட்டியும், பாகை நெடுநாள் உறையவிட்டுப் பனங்கற்கண்டும் செய்கின்றனர்.

சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறங்கிய சாறு சில மணி நேரத்தில் நுரைத்த வெண்ணிறக் கள்ளாகிறது. அதன் எரிசாராய அளவு பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு. காலைக் கள் இனிப்பு மிகுந்தும் மாலைக் கள் கடுப்பு ஏறியும் இருக்கும். ஒரு நாள் கடந்தால் அசெட்டிக் அமிலம் பெருகி வாயில் வைக்க இயலாதபடி புளிக்கும். பின்னர் அது காடியாகிறது. இதனால் கள்ளைச் சேமிக்கவோ தொலைவுக்கு அனுப்பவோ இயலாது. இறக்கிய ஊரிலேயே அன்றே விற்றாக வேண்டும். கள்ளுக்கடைகள் தோப்பை ஒட்டியே அமைந்தமைக்கும், பெரிய நிறுவனங்கள் இவ்வணிகத்தில் நுழையாமைக்கும் இதுவே காரணம்.

சட்டப்படி தெளுவு ஏற்கத்தக்கது, கள் குற்றம். இரண்டையும் பிரிப்பது முட்டியில் தடவும் சுண்ணாம்பே. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளித்து, தொழிலாளி வழக்கைச் சந்திக்க நேரும். கூடினால் சுவை கெட்டு வாங்குவோர் திருப்பித் தருவர்.

பழைய இலக்கியத்தில்

சங்க இலக்கியத்தில் கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி எனப் பல பெயர்கள் மதுவகைகளுக்கு வழங்கின. பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியான தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235 ஆவது பாடலாக உள்ளது. தனக்குக் கிடைத்த கள்ளை அவன் பகிர்ந்தளித்த பாங்கை அப்பாடல் நினைவுகூர்கிறது. மறுபுறம் திருக்குறளின் 93 ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. கள்ளைப் பற்றித் தமிழில் இரு குரல்கள் தொடக்கம் முதலே இருந்துள்ளன என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

ஆப்காரி முறை

ஆங்கிலேயர் ஆட்சியில் 1886 ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராய வணிகத்தை ஒழுங்குபடுத்தியது. சாறு எடுக்கும் ஒவ்வொரு மரத்திற்கும் மரவரி விதிக்கப்பட்டது. கள் விற்கும் உரிமை கடைவாரியாக ஏலம் விடப்பட்டது. வரியும் ஏலத்தொகையும் சேர்ந்து மாகாணத்தின் மிகப் பெரிய வருவாய் இனங்களுள் ஒன்றாக வளர்ந்தன. வீட்டுத் தேவைக்காகத் தம் மரத்தில் தாமே கள் இறக்கிக் கொண்ட உழவரும் இதனால் உரிமம் பெறாத குற்றவாளி ஆனார். கள் வீட்டிலிருந்தும் தோப்பிலிருந்தும் கடைக்கு நகர்ந்தது இக்காலத்தில்தான்.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921 இல் கள்ளுக்கடை மறியல்கள் நடந்தன. ஈ. வெ. இராமசாமி தமக்குச் சொந்தமான தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டச் செய்தது அப்போதுதான். ஈரோட்டு மறியலில் அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர்.

இராஜாஜியும் 1937 மதுவிலக்கும்

சி. இராஜகோபாலாச்சாரி 1900 முதல் சேலத்தில் வழக்குரைஞராகப் பணியாற்றியவர். 1917 இல் சேலம் நகராட்சித் தலைவரானார். 1925 இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் (இன்று நாமக்கல் மாவட்டம்) காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றுடன் மதுவிலக்குப் பரப்புரையும் ஆசிரமத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. மதுவிலக்குக்கெனவே 1929 இல் அவர் 'விமோசனம்' என்னும் மாத இதழை அங்கிருந்து நடத்தினார். அதில் அவருக்கு உதவியாக இருந்தவர் பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தி.

1937 சூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அதே ஆண்டில் சென்னை மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 1 அன்று அது சேலம் மாவட்டத்தில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. அக்காலச் சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களையும் உள்ளடக்கிய பெரும்பரப்பு. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் தடை விதித்தால் வருவாய் இழப்பைத் தாங்க இயலாது என்பதாலும், முதலில் ஒரு மாவட்டத்தில் நடைமுறைச் சிக்கல்களைக் கண்டறியலாம் என்பதாலும் இவ்வழி தெரிந்தெடுக்கப்பட்டது. தம் சொந்த மாவட்டத்தையே சோதனைக் களமாக அவர் தேர்ந்தார்.

1938 அக்டோபரில் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 அக்டோபரில் வட ஆற்காட்டிற்கும் சட்டம் நீட்டிக்கப்பட்டது. இழந்த ஆப்காரி வருவாயை ஈடுசெய்ய 1939 இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் பொதுவான விற்பனை வரி முதன்முதலாக இங்குதான் விதிக்கப்பட்டது. இன்று கடையில் ஒரு பொருள் வாங்கும்போது செலுத்தும் வரியின் வேர்களுள் ஒன்று சேலத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட்டதில் உள்ளது.

குடும்பத்தலைவரின் கூலி கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்ததைப் பெண்கள் வரவேற்றனர். தேநீர், காப்பிக் கடைகள் பெருகின. அதே வேளையில் மரமேறும் தொழிலாளர் பிழைப்பை இழந்தனர். அவர்களுக்குத் தெளுவு இறக்கி வெல்லம் காய்ச்ச உரிமங்கள் வழங்கப்பட்டன. ஆயினும் வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், நாள் முழுதும் அடுப்பருகே நிற்கக் குடும்பத்தின் உழைப்பு வேண்டும். காய்ச்சியதை விற்கச் சந்தையும் வேண்டும். கள்ளைப் போல அன்றே காசாகும் பொருள் அன்று அது. மதுவிலக்கின் பயனும் சுமையும் ஒரே ஊரில் வெவ்வேறு வீடுகளில் இறங்கின.

தடையும் தளர்வும்

காங்கிரசு அமைச்சரவை 1939 இல் பதவி விலகியது. தொடர்ந்து வந்த ஆளுநர் ஆட்சியின்போது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. போருக்குப் பின் மீண்டும் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிவுற்றது.

1971 இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்திக் கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1973 இல் கள்ளுக்கடைகளும், 1974 இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. ம. கோ. இராமச்சந்திரன் அரசு 1981 இல் இரண்டையும் மீண்டும் அனுமதித்தது. 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) நிறுவப்பட்டு மொத்த விற்பனை அதனிடம் தரப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. அக்கடைகளின் அடுக்குகளில் கள்ளுக்கு இடமில்லை. அண்டையிலுள்ள கேரளத்திலும் புதுச்சேரியிலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உள்ளன.

1937 இல் சேலத்திற்காக நடைமுறைப்படுத்தப்பட்ட அதே சட்டம், பல திருத்தங்களுடன், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 என்ற பெயரில் இன்றும் செல்லுபடியாகிறது.

கள்ளிலிருந்து 'டாடி'க்கு

ஆங்கிலத்தில் கள்ளைக் குறிக்கும் 'டாடி' என்னும் சொல், பனையைக் குறிக்கும் 'தாட்' என்ற இந்திச் சொல்லிலிருந்து பிறந்த 'தாடி'யின் திரிபு ஆகும். வடமொழியின் 'தால' என்பதும் தெலுங்கின் 'தாடு' என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 17 ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த வணிகர் இச்சொல்லைக் கொண்டு சென்றனர். 18 ஆம் நூற்றாண்டில் சொல் மரத்தை விட்டு விலகி, மதுவுடன் வெந்நீரும் சர்க்கரையும் கலந்த பானத்தைக் குறிக்கலாயிற்று. ஸ்கொட்லாந்துக் கவிஞர் இராபர்ட் பேர்ன்சு 1786 இல் வெளியிட்ட 'தி ஹோலி பேர்' என்னும் கவிதையில் இச்சொல் இப்பொருளிலேயே வருகிறது. எடின்பரோ நகருக்கு நீர் வழங்கிய 'டாட்ஸ் வெல்' என்னும் ஊற்றே பெயர்க்காரணம் என்று ஸ்கொட்லாந்தில் ஒரு கதை உண்டு. அகராதிகள் பனைமர வழியையே ஏற்கின்றன.

பெயர் ஒன்றாயினும் பானங்கள் எதிர்முனைகளில் நிற்பவை. ஸ்காட்ச் விஸ்கி முளைகட்டிய வாற்கோதுமை முதலிய தானியங்களிலிருந்து வடிக்கப்படுகிறது. சட்டப்படி ஸ்கொட்லாந்திலேயே கருவாலி மரப்பீப்பாய்களில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர வேண்டும். புட்டியில் அடைக்கும்போது எரிசாராயம் 40 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. கள்ளின் ஆயுள் ஒரு நாள்.

வீட்டில் ஹாட் டாடி தயாரிக்கும் முறை எளியது. கனமான கண்ணாடிக் குவளையை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் கண்ணாடி விரிசல் காணும், பானமும் விரைவில் ஆறும். அதில் ஒரு தேக்கரண்டி தேன், 10 முதல் 15 மில்லிலீட்டர் எலுமிச்சைச் சாறு, 50 மில்லிலீட்டர் விஸ்கி ஆகியவற்றை விட்டு, 120 முதல் 150 மில்லிலீட்டர் வெந்நீரை ஊற்றிக் கலக்குவர். இரண்டு கிராம்பு அல்லது ஒரு துண்டு இலவங்கப்பட்டை மணத்திற்குச் சேரும். கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றினால் எரிசாராய ஆவி மூக்கில் ஏறி மணங்களை மறைக்கும் (எரிசாராயத்தின் கொதிநிலை 78 பாகை செல்சியசு). கொதித்த நீரை ஓரிரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுதல் நன்று. தேனை விஸ்கியில் நேரே கரைக்க முயல்வதைவிட முதலில் சிறிது வெந்நீரில் கரைத்துக் கொள்வது எளிது. மூன்று ஆண்டு முதிர்ந்த எளிய கலப்பு விஸ்கியே இதற்குப் போதும். விலையுயர்ந்த தனிமால்ட் வகையின் நுண்மணங்கள் எலுமிச்சையிலும் கிராம்பிலும் கரைந்து வீணாகும். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. அதைக் கொண்டு செய்தால் பானத்தில் தானிய மணம் குறைவாக இருக்கும்.

50 மில்லிலீட்டர் விஸ்கியில் 20 மில்லிலீட்டர் தூய எரிசாராயம் உள்ளது. 5 விழுக்காட்டுக் கள்ளில் இதே அளவைப் பெற 400 மில்லிலீட்டர் அருந்த வேண்டும். வெந்நீரும் தேனும் சேர்ந்ததால் ஹாட் டாடி மென்மையான பானம் என்று தோன்றினும் அது குவளையில் கள்ளைப் போல இருமடங்கு கடுமையானது. சளிக்கு மருந்து என்று அது பெயர் பெற்றுள்ளது. சூடும் ஆவியும் தேனும் தொண்டைக்கு இதமளிக்கும் என்பது உண்மை. எரிசாராயம் நோயைக் குணப்படுத்துவதில்லை. உறக்கத்தின் தரத்தைக் குறைத்து, சிறுநீரைப் பெருக்கி உடல்நீரைக் குறைக்கிறது. பாராசிட்டமால் முதலிய காய்ச்சல் மாத்திரைகளுடன் மது சேர்வது கல்லீரலுக்குத் தீங்கு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்றல் ஆகாது.

இலங்கையில் தென்னங்கள்ளை வாலையில் வடித்து மரப்பீப்பாய்களில் முதிரவைத்து அரக்கு செய்யப்படுகிறது. கள்ளும் பீப்பாயும் ஒன்றுசேரும் பானம் அதுவே. அரக்குடன் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்த 'பஞ்ச்' பானங்கள் 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் நடுவே பரவின.

சுக்குமல்லிக் காப்பி

கொங்கு நாட்டு வீடுகளில் மழைநாளிலும் சளிக்காலத்திலும் ஹாட் டாடியின் இடத்தை நிரப்புவது சுக்குமல்லிக் காப்பி. பெயரில் காப்பி இருப்பினும் காப்பிக்கொட்டை சேர்வதில்லை. இதன் இனிப்பு பனையிலிருந்தே வருகிறது. ஆகவே பெயரால் ஸ்கொட்லாந்தின் பானமும், பொருளால் இதுவும் பனையின் உறவினர் ஆகின்றன.

இரண்டு குவளைக்கு 50 கிராம் அளவு கருப்பட்டியைத் தட்டிச் சிறிது நீரில் கரைத்து முதலில் வடிகட்டிக் கொள்ள வேண்டும். கருப்பட்டியில் மண்ணும் சுண்ணாம்புத் துகளும் இருக்கக்கூடும். இரண்டு தேக்கரண்டி கொத்தமல்லி விதையை இளஞ்சூட்டில் வறுத்து, ஓர் அங்குலத் துண்டுச் சுக்கு, ஐந்தாறு மிளகு, ஓர் ஏலக்காய் ஆகியவற்றுடன் ஒன்றிரண்டாக இடித்து, 400 மில்லிலீட்டர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுவர். கருப்பட்டிக் கரைசலைச் சேர்த்து மேலும் ஒரு கொதி வந்ததும் இறக்கி வடிகட்டுவர். சிலர் துளசி இலைகளைச் சேர்ப்பர். பால் சேர்ப்பதில்லை.

தற்போதைய நிலை

கள் மீதான தடையை நீக்கக் கோரும் குரல் கொங்கு மாவட்டங்களில் வலுவாக உள்ளது. செ. நல்லசாமி தலைமையிலான தமிழ்நாடு கள் இயக்கம் பல்லாண்டுகளாகப் போராட்டங்கள் நடத்தி வருகிறது. கள் மதுவன்று, உணவு என்பது அவ்வியக்கத்தின் வாதம். அரசியலமைப்பின் 47 ஆவது உறுப்பு மக்களின் ஊட்டநிலையை உயர்த்துவதையும் மதுவிலக்கையும் ஒரே மூச்சில் அரசின் கடமையாகக் கூறுகிறது. எனவே தடையை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் அதே உறுப்பைச் சுட்டுகின்றனர். எரிசாராயம் உள்ள பானத்தை மதுவன்று என்பது வேதியியல்படி பொருந்தாது. ஆனால் 5 விழுக்காட்டுப் பானத்தைத் தடுத்து 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதை விற்பது எந்த அடிப்படையில் என்ற வினாவுக்கு அரசுத் தரப்பு பெரும்பாலும் கலப்படத்தையே காரணமாகக் காட்டுகிறது. இவ்வச்சம் வெறும் சாக்கு அன்று. தென் மாநிலங்களில் நீர் கலந்த கள்ளில் குளோரால் ஐதரேட்டு, டயசிபாம் போன்ற மயக்கமருந்துகள் கலக்கப்பட்ட வழக்குகள் பல உண்டு. பல்லாயிரம் மரங்களிலிருந்து நாள்தோறும் சிறு முட்டிகளில் இறங்கும் பானத்தைச் சோதிப்பது புட்டிச் சரக்கைச் சோதிப்பதைப் போல எளிதன்று.

தடை இருந்தபோதிலும் மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் காய்ச்சுவது முற்றாக ஒழியவில்லை. கல்வராயன் மலையில் காவல்துறை ஊறல்களை அழிப்பது அடிக்கடி செய்தியாகிறது. 2024 சூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி 60 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோர் பலர் சேலம் அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றனர். அதன்பின் மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அச்சாராயம் மரத்திலிருந்து இறங்கியதன்று. கள்ளிறக்கம் அனுமதிக்கப்பட்டிருந்தால் இவ்வுயிர்கள் பிழைத்திருக்கும் என்று சிலரும், எவ்வகைக் கடையும் குடிப்பழக்கத்தையே வளர்க்கும் என்று வேறு சிலரும் கூறினர்.

இதற்கிடையே பனை குறைந்து வருகிறது. செங்கற்சூளை விறகுக்காகவும் வீட்டுமனைகளுக்காகவும் மரங்கள் வெட்டப்பட்டன. மரமேறுவோரின் பிள்ளைகள் விசைத்தறிக்கும் சரக்குந்துத் தொழிலுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் சென்றுவிட்டனர். 2017 இல் தென்னையிலிருந்து புளிக்காத நீரா பானம் இறக்க அரசு அனுமதி வழங்கியது. குளிரூட்டிய பெட்டிகளில் சாற்றைச் சேர்க்கும் முறை இதற்குப் பயன்படுகிறது. இதனால் சுண்ணாம்பு தேவைப்படுவதில்லை. 2021 இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் அதில் கூறப்பட்டது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கோடை மாதங்களில் சேலம், நாமக்கல் சாலையோரங்களில் நுங்குடன் தெளுவு விற்போரை இன்றும் காணலாம். வெயில் ஏறுமுன் வாங்கி, உடனே அருந்துவதே முறை.